ஒரே ஷீல்டட் கேபிள், இரண்டு விதமான வயரிங்: ஸ்பின்னிங் மில்லில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் ஃபயர் அலாரம் பேனலுக்கு வாங்கிப் போட்ட ஷீல்டட் கேபிளைப் (மின் இரைச்சலைத் தடுக்க உலோகத் தாள் சுற்றிய கேபிள்) பற்றித்தான் எழுதுகிறேன். 2 கோர் (உள்ளே போகும் செம்பு ஒயர்கள்), 1.5 சதுர மில்லிமீட்டர், முறுக்கிய ஜோடி, அதைச் சுற்றி அலுமினியம் ஃபாயில், ஃபாயிலோடு ஒட்டி ஒரு டிரெயின் வயர் (ஃபாயிலை எர்த்தில் சேர்க்க உதவும் வெறும் கம்பி), மேலே சிவப்பு எஃப்.ஆர்.எல்.எஸ். (தீயைப் பரப்பாத, புகை குறைவான) உறை. இரண்டு கம்பெனி கேபிள் வாங்கினோம். வெட்டிப் பிரித்துப் பார்த்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் பிராண்ட் பெயர் எதுவும் போடவில்லை, இந்த வகைக் கேபிள் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதை மட்டும் சொல்கிறேன். தகும். ஆனால் இதே கேபிள் எங்களிடம் முதல் நான்கு மாதம் நிலைமையை முன்பை விட மோசமாக்கியது, அதற்குப் பிறகு பிரச்சனையைத் தீர்த்தது. கேபிளைப் போட்ட கைதான் நடுவில் மாறியது.

முதலில் பிரச்சனை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அட்ரஸபிள் பேனல் (ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியாக அடையாளம் காண்பது), இரண்டு லூப் (பேனலில் கிளம்பி டிடெக்டர்களைத் தொட்டுப் பேனலுக்கே திரும்பும் ஒயர்), சுமார் 140 டிடெக்டர். பஞ்சு குடோன், கோன் குடோன், கேபிள் டிரெஞ்ச், பேனல் ரூம்கள், ஆபீஸ், ஹாஸ்டல் என்று மில் முழுக்கப் பரவியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹூட்டர் அடிக்கும், ஓடிப் போய்ப் பார்த்தால் புகையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. சில நாள் அலாரமே வராமல் பத்துப் பதினைந்து டிடெக்டர் "மிஸ்ஸிங்" என்று காட்டும், ஐந்து நிமிடத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். மில்லில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி வந்தால் எல்லோரும் முதலில் கை காட்டுவது பறக்கும் பஞ்சைத்தான். நாங்களும் அதையே நம்பினோம். மூன்று ரவுண்டு எல்லா டிடெக்டரையும் கழற்றி வேக்குவம் போட்டுச் சுத்தம் செய்தோம், சிலதைப் புதிதாகவே மாற்றினோம். பஞ்சால் பொய் அலாரம் வருவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சு அடைத்த டிடெக்டர் நாள் போகப் போக மெதுவாகத்தான் கெடும், பதினைந்து டிடெக்டர் ஒரே நொடியில் காணாமல் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதற்குப் பஞ்சு காரணமாக இருக்க முடியாது. இது எங்களுக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆனது.

அந்த ஆறு மாதத்தில் நடந்த மோசமான விஷயம் வேறு. ஆட்கள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். ஹூட்டர் அடித்தால் "அடிச்சிட்டுப் போகுது" என்று சைடரும் டாஃபரும் (மெஷினில் நிற்கும் ஆட்கள்) வேலையைத் தொடர்ந்தார்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் எங்கே அடிக்கிறது என்று பார்க்காமலேயே சைலன்ஸ் பட்டனை அமுக்கப் பழகிவிட்டார். ஒரு நாள் காலையில் ரவுண்ட்ஸ் போனபோது கோன் குடோன் ஹூட்டருக்குள் யாரோ வேஸ்ட் காட்டனைத் திணித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பஞ்சும் நூலும் அட்டைப் பெட்டியுமாக நிரம்பிய இடம் அது. யாரையும் திட்டத் தோன்றவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்குத்தான் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

துப்புக் கொடுத்தது எங்கள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (மில்லுக்குள் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் பிளான்ட்) ஃபிட்டர். அந்த பிளான்டின் சப்ளை ஃபேன், ரிட்டர்ன் ஃபேன் எல்லாமே வி.எஃப்.டி. டிரைவில் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) ஓடுபவை, எப்போது ஸ்டார்ட், எப்போது ஸ்பீடு மாற்றினோம் என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஃபயர் பேனலின் ஈவென்ட் லாக்கை நான் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இதெல்லாம் நம்ம ஃபேனு ஸ்டார்ட் பண்ற டைமாட்டவே இருக்குதுங்களே" என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாமே பொருந்தவில்லை, ஆனால் கூட்டமாக டிடெக்டர் காணாமல் போன நேரங்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஃபேன் ஸ்டார்ட் ஆன நேரத்தோடு அல்லது ஸ்பீடு ஏற்றிய நேரத்தோடு ஒட்டியே வந்தன.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள டிரைவ் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். 415 வோல்ட் ஏ.சி.யை வாங்கி உள்ளே சுமார் 580 வோல்ட் டி.சி.யாக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் மைக்ரோ செகண்டுக்கும் குறைவான நேரத்தில் நடப்பதால் மோட்டார் கேபிளிலிருந்து உயர் அலைவரிசைச் சத்தம் (காதில் கேட்பதல்ல, மின் இரைச்சல்) பக்கத்தில் போகும் எல்லா ஒயரிலும் ஏறும். மின்புலம் வழியாகவும் ஏறும், காந்தப்புலம் வழியாகவும் ஏறும், எர்த் வழியாகவும் சுற்றி வரும். ஃபயர் அலாரம் லூப்போ வெறும் 24 வோல்ட்டில் ஓடுவது. அதே இரண்டு ஒயரில்தான் டிடெக்டருக்குப் பவரும் போகிறது, பேனலின் கேள்வியும் டிடெக்டரின் பதிலும் சின்னச் சின்ன பல்ஸாகப் போகின்றன. பக்கத்தில் டிரைவ் கத்தினால் அந்தப் பதில் பேனலுக்குக் கேட்காது, கேட்கவில்லை என்றால் மிஸ்ஸிங் என்று எழுதும். எப்போதாவது கெட்ட நேரத்தில் புகை அளவையே தப்பாகப் படித்துவிடும்.

எங்கள் பழைய வயரிங்கில் லூப் கேபிள் முறுக்கில்லாத சாதாரண 2 கோர். டிரைவின் மோட்டார் கேபிள் போகும் அதே டிரேயில் (கேபிள்களைத் தாங்கும் தட்டு), அதன் மேலேயே படுத்துக்கொண்டு 60 மீட்டருக்கு மேல் போகிறது. பேனலும் டிரைவ் பேனலுக்கு அடுத்த சுவரில். எப்படித்தான் இத்தனை நாள் வேலை செய்ததோ என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, ஷீல்டட் கேபிள் போடுவோம் என்று முடிவெடுத்து, 900 மீட்டர் வாங்கி, ஃபயர் அலாரம் வேலை செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். பத்து நாளில் இழுத்து முடித்து பில்லும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரமே பேனலில் எர்த் ஃபால்ட் விளக்கு எரிய ஆரம்பித்தது, மிஸ்ஸிங் குறையவில்லை, புதிதாக ஹாஸ்டல் பக்கத்திலும் வர ஆரம்பித்தது. கூப்பிட்டால் "கேபிள் சரியில்லைங்க, மட்டமான சரக்கு" என்று பதில் வந்தது. நானும் நான்கு மாதம் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். அந்தக் காலத்தில் ரிவ்யூ எழுதியிருந்தால் இந்தக் கேபிளை வாங்காதீர்கள் என்றே எழுதியிருப்பேன், அது பெரிய தப்பாகியிருக்கும்.

அப்புறம் எங்கள் மில்லில் ரிட்டயர் ஆன ஒரு பழைய எலெக்ட்ரிஷியன் அண்ணனைக் கூப்பிட்டு வந்தோம். அவர் மல்டிமீட்டரை எடுக்கும் முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தார். மீடியம் வேவில் ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து டிரே ஓரமாகவே நடந்தார். மோட்டார் கேபிள் போகும் இடத்தில் எல்லாம் ரேடியோ இரைந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த டிரேயை விட்டுப் பிரிந்து கோன் குடோனுக்குள் எங்கள் சிவப்புக் கேபிள் மட்டும் தனியாகப் போகும் இடத்திலும் அதே இரைச்சல் கேட்டது. ஃபேனை நிறுத்தச் சொன்னார், ரேடியோ அடங்கியது. "சத்தம் உங்க கேபிள் மேலயே ஏறி குடோனுக்குள்ள வருதுங்க தம்பி, ஷீல்டு எங்கயோ ஏமாத்துது" என்றார். பல ஆயிரம் ரூபாய் கருவி சொல்ல வேண்டியதை அந்த ரேடியோ சொன்னது. பிறகு பேட்டரியில் ஓடும் ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒன்றை இரவல் வாங்கி உறுதி செய்தோம். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. ரேஞ்சை இதற்கு நம்பாதீர்கள், இந்த வேகத்தை அது சரியாகப் படிக்காது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடும்.

ஒவ்வொரு டிடெக்டர் பேஸாகக் (டிடெக்டரை மாட்டும் அடிப்பகுதி) கழற்றிப் பார்த்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ரிவ்யூவில் முக்கியமான இடம் இதுதான். டிரெயின் வயர் பாதி இடத்தில் வெட்டி எறியப்பட்டிருந்தது. பேஸில் அதற்கென்று ஸ்க்ரூ இல்லாததால் தேவையில்லாத ஒயர் என்று நினைத்துவிட்டார்கள். அப்படி வெட்டினால் பேனலில் இருந்து அந்த இடம் வரைதான் ஷீல்டு, அதற்கு மேல் இருக்கும் ஃபாயில் எதோடும் சேராமல் தொங்கும், சத்தத்தை வாங்கிக் கோருக்கே திருப்பிக் கொடுக்கும். மீதிப் பாதியில் டிரெயின் வயரை ஒவ்வொரு பெட்டியிலும் ஜி.ஐ. கண்ட்யூட்டோடு (ஒயர் போகும் இரும்புக் குழாய்) சேர்த்து முறுக்கியிருந்தார்கள். எர்த் செய்வது நல்லதுதானே, எல்லா இடத்திலும் செய்தால் இன்னும் நல்லதுதானே என்ற நினைப்பு. பேனல் ரூம் எர்த்தும் 200 மீட்டர் தள்ளி இருக்கும் குடோன் எர்த்தும் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லை, அதுவும் டிரைவ்களின் லீக்கேஜ் கரண்ட் எர்த்தில் ஓடிக்கொண்டிருக்கும் மில்லில். இரண்டு எர்த்தையும் ஷீல்டு வழியாக இணைத்துவிட்டால் அந்த வித்தியாசத்துக்கான கரண்ட் ஷீல்டிலேயே ஓடும், உள்ளே இருக்கும் கோர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். சத்தத்தைத் தடுக்க வாங்கிய ஃபாயிலே சத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வரைக்கும் போனது இப்படித்தான்.

இந்தத் தப்பு ஏன் நடக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஷீல்டட் பவர் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும், அதுவும் சுற்றிலும் முழுதாகப் பிடிக்கும்படி எர்த் செய்ய வேண்டும், டிரைவ் மேனுவல்கள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த ஷீல்டின் வேலை, டிரைவ் கிளப்பும் கரண்டைத் திரும்ப டிரைவுக்கே கொண்டுபோவது. ஃபயர் அலாரம் லூப்பின் ஷீல்டுக்கு அந்த வேலை இல்லை, வெளியே இருந்து வருவதை மறைத்துப் பேனலில் ஒரே இடத்தில் இறக்கிவிட்டால் போதும். இரண்டுக்கும் பெயர் ஷீல்டு என்பதால் ஒரு இடத்துப் பழக்கத்தை இன்னொரு இடத்தில் செய்துவிடுகிறார்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை, ஒவ்வொரு பெட்டியிலும் உட்கார்ந்து எர்த்தை முறுக்கியிருக்கிறார்கள். பேனலோடு வந்த மேனுவலில் இரண்டு பக்கம் படித்திருந்தால் அந்த உழைப்பு வீணாகியிருக்காது.

எர்த் ஃபால்ட் விளக்குக்கும் காரணம் கிடைத்தது. பேனலின் 24 வோல்ட் பக்கம் எர்த்தோடு சேராமல் தனியாக மிதந்துகொண்டிருக்கும், எந்தக் கோராவது எர்த்தைத் தொட்டால் பேனல் கண்டுபிடித்துச் சொல்லும். உறையை பிளேடால் உரித்தபோது இரண்டு இடத்தில் கோரின் இன்சுலேஷனும் கீறி, ஃபாயில் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேபிளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் அதை இங்கேதான் சொல்வேன்: ஃபாயில் மெல்லியது, உரிக்கும்போது கிழிந்து சிறு துணுக்குகளாகக் கோரோடு ஒட்டிக்கொள்கிறது, டெர்மினல் பக்கத்தில் அதை விட்டுவைத்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு மழைக்காலத்தில் எர்த் ஃபால்ட் வரும். பின்னல் ஷீல்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலையும் கூட, ஒவ்வொரு பேஸிலும் முடிப்பது இன்னும் கஷ்டம்.

இரண்டாவது முறை நாங்களே செய்தோம், அதே கேபிளை வைத்து, சேதமான இடங்களை மட்டும் மாற்றி. ஒவ்வொரு பேஸிலும் உள்ளே வரும் டிரெயின் வயரையும் வெளியே போகும் டிரெயின் வயரையும் சேர்த்து முறுக்கிச் சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பெட்டியையோ கண்ட்யூட்டையோ தொடாமல் மடித்து வைத்தோம். ஃபாயிலை உறை முடியும் இடத்திலேயே சுத்தமாக வெட்டி அங்கேயும் ஒரு ஸ்லீவ். நான்கு பேர், பதினெட்டு நாள், 140 பேஸ். சலிப்பு தட்டும் வேலை, வேகமாக முடிக்க வழியே இல்லை. எங்கள் லூப் சுற்றி வந்து பேனலிலேயே முடிகிறது, போகும் முனையும் திரும்பும் முனையும் பக்கத்துப் பக்கத்து டெர்மினலில் இருக்கும். போகும் முனையின் டிரெயின் வயரை மட்டும் எர்த் பாரில் கட்ட வேண்டும், திரும்பும் முனையின் டிரெயினை டேப் சுற்றி அப்படியே விட வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதையும் கட்டிவிடக் கை பரபரக்கும். கட்டக் கூடாது.

கேபிள் போகும் பாதையையும் மாற்றினோம், என் கணக்கில் பலனில் பாதி இதற்குத்தான் போக வேண்டும். மோட்டார் கேபிள் டிரேயிலிருந்து முழுக்க எடுத்து, எதிர்ச் சுவரில் தனி ஜி.ஐ. கண்ட்யூட். ஃபயர் அலாரம் கேபிளை மற்ற கேபிள்களோடு கலக்காமல் தனியாகக் கொண்டு போவது இந்தியாவில் ஐ.எஸ். 2189, பிரிட்டனில் பி.எஸ். 5839 என்ற தரநிலைகள் இரண்டுமே வலியுறுத்துகிற விஷயம்தான், புதிதல்ல. அமெரிக்க மின் விதியில் வரும் 2 அங்குல இடைவெளியைச் சிலர் எடுத்துச் சொல்வார்கள், அது மெயின்ஸ் கரண்ட் இந்த ஒயரில் பாய்ந்துவிடாமல் இருக்கப் பாதுகாப்புக்கான குறைந்தபட்சம், டிரைவ் சத்தத்துக்கு அது போதாது. சில டிரைவ் மேனுவல்கள் மோட்டார் கேபிளுக்கும் கண்ட்ரோல் கேபிளுக்கும் நடுவில் 500 மில்லிமீட்டர் கேட்கின்றன, நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். குறுக்கே கடந்தே ஆக வேண்டிய மூன்று இடங்களில் நேர் செங்குத்தாகக் கடந்தோம். பி.வி.சி. பைப்பில் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அது எலியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. ஜி.ஐ. கண்ட்யூட் உதவும், ஆனால் ஒவ்வொரு கப்ளிங்கும் இறுக்கமாக இருந்து மொத்தமும் ஒரே உலோகத் துண்டு போலத் தொடர்ந்து எர்த் ஆகியிருந்தால்தான்.

பேனல் பெட்டிக்குள்ளும் வேலை இருந்தது. 230 வோல்ட் ஒயர் லூப் ஒயர்களோடு ஒரே ஓட்டை வழியாக உள்ளே வந்து, போர்டுக்குப் பின்னால் ஒன்றாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கீழே வலது மூலை ஓட்டைக்கு மாற்றினோம், லூப்பும் ஹூட்டர் ஒயரும் மேலே இடது பக்கம். பின்னாளில் தேவைப்படும் என்று ஒரு மீட்டர் அதிகம் விட்டுச் சுருட்டி வைக்கும் பழக்கத்தை விட்டோம், அந்தச் சுருள் ஒரு ஆன்டெனா மாதிரி. பேட்டரி ஒயரும் சார்ஜர் சத்தத்தைச் சுமப்பதால் அதையும் லூப்பை விட்டுத் தள்ளி வைத்தோம். எர்த் லக்குக்குக் கீழே இருந்த பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு நேராக உட்கார வைத்தோம், கதவுக்குத் தனி எர்த் ஸ்ட்ராப். பேனலுக்கு வரும் மெயின்ஸ் டிரைவ்கள் இருக்கும் பஸ்பாரிலிருந்தே (கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டை) எடுக்கப்பட்டிருந்தது, அதை லைட்டிங் பக்கம் தனி எம்.சி.பி.க்கு மாற்றினோம். தீ வந்தால் ஃபேனை நிறுத்துவதற்காக பேனல் ஒரு ரிலேயை இழுக்கும், அந்த 24 வோல்ட் காயில் விடும்போது ஒரு வோல்டேஜ் உதை கிளம்பும், குறுக்கே ஒரு 4007 டையோடு தலைகீழாகப் போட்டதும் அடங்கியது. அந்த ரிலே இழுக்கும் 230 வோல்ட் காண்டாக்டர் காயிலுக்கு டையோடு போட முடியாது, அதற்கு ஆர்.சி. ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த உதையை அடக்குவது).

இதோடு கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் கோர் (கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் வளையம்) பத்து வாங்கினோம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கேபிளை மாற்றாமல் இதை மாட்டியே தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். தப்பிக்க முடியாது. உயர் அலைவரிசையில், அதாவது மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் சத்தத்தைத்தான் இது நன்றாகத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஜோடியின் இரண்டு ஒயரையும் சேர்த்தே அந்த வளையத்துக்குள் விட வேண்டும், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று சுற்றினால் பலன் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு, அதனால் உள் ஓட்டை பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மெயின்ஸ் ஒயரில் மாட்டியபோது ஆசிலோஸ்கோப்பில் வித்தியாசம் தெரிந்தது. லூப்பில் மாட்டியபோது, ஷீல்டைச் சரி செய்த பிறகு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விலை குறைவு என்பதால் மாட்டியே வைத்திருக்கிறோம்.

வேலை முடிந்த முதல் மூன்று வாரத்தில் கூட்டமாக மிஸ்ஸிங் ஆவது நின்றுவிட்டது, ஒற்றை ஒற்றையாக மட்டும் வாரத்துக்கு ஒன்று இரண்டு வந்தது. அதற்கப்புறம் பேனலையே டிரைவ் ரூமிலிருந்து எடுத்து டைம் ஆபீஸ் சுவருக்கு மாற்றினோம், அதோடு அந்த ஒற்றையும் போய்விட்டது. வேலையை இப்படிப் பிரித்துச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று ஓரளவு சொல்ல முடிகிறது: பெரும் பகுதி கேபிளுக்கும் பாதைக்கும், கடைசிக் கொஞ்சம் பேனல் இருக்கும் இடத்துக்கு. டைம் ஆபீஸில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருப்பதால் வேறு வகையிலும் நல்லதாயிற்று. ஒரு வருடத்தில் பொய் அலாரம் இரண்டு, இரண்டுமே நிஜமான பஞ்சுத் தூசி, சுத்தம் செய்ததும் போனது. போன மாசிக் கடைசியில் ஒரு ஃபுல்நைட் ஷிஃப்டில் கோன் குடோனில் ஒரு டியூப் லைட் சோக் எரிந்து புகைந்தது. பேனல் அந்த டிடெக்டரின் இடத்தைச் சரியாகக் காட்டியது, வாட்ச்மேன் நேராக அங்கே போனார், உள்ளே பேக்கிங்கில் இருந்த ஏழு பேரும் ஹூட்டர் சத்தத்தைக் கேட்டு அவர் போய்ச் சேரும் முன்பே வெளியே வந்து நின்றிருந்தார்கள். யாரும் சொல்லாமலே வந்திருந்தார்கள். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

யாருக்கு இந்தக் கேபிள் தேவையில்லை என்றும் சொல்ல வேண்டும். மூன்று மாடி ஆபீஸ், அபார்ட்மென்ட், சின்ன பள்ளிக்கூடம் மாதிரி இடத்தில் லிஃப்ட் டிரைவை விட்டுத் தள்ளிப் போட்டால் முறுக்கிய சாதாரண ஜோடியே போதும். சில பேனல் கம்பெனிகள் தங்கள் லூப்புக்கு ஷீல்டு இல்லாத முறுக்கிய ஜோடியையே சிபாரிசு செய்கின்றன, அங்கே நாமாக ஷீல்டு போடுவது உதவி இல்லை. ஷீல்டு வந்தால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் தன்மை) ஏறும், நீளமான லூப்பில் பல்ஸின் விளிம்பு மழுங்கும், மேனுவலில் அதற்கு ஒரு உச்ச அளவு கொடுத்திருப்பார்கள். ரெசிஸ்டன்ஸுக்கும் அப்படித்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம், எங்கள் பெரிய லூப் 700 மீட்டர், இரண்டு கோரும் சேர்த்தால் 17 ஓம் வருகிறது, எங்கள் பேனல் 40 வரை தாங்கும். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, எஃப்.ஆர்.எல்.எஸ். என்று போட்டிருப்பதை வைத்து இது தீயிலும் வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். தீயைப் பரப்பாது, புகை குறைவாக விடும், அவ்வளவுதான் அதன் பொருள். தீக்குள்ளும் கொஞ்ச நேரம் சர்க்யூட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமென்றால் மைக்கா டேப் சுற்றிய ஃபயர் சர்வைவல் கேபிள் வேறு, விலையும் வேறு. ஹூட்டர் ஒயருக்கு நாங்கள் அதைத்தான் போட்டோம், தீ பிடித்த பிறகும் அடிக்க வேண்டியது அதுதான். லூப்பையும் ஹூட்டரையும் ஒரே மல்டிகோர் கேபிளில் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஹூட்டர் கரண்ட் ஏறி இறங்குவது லூப்பில் தெரியும். இழுத்து முடித்ததும் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதாக இருந்தால் டிடெக்டர், பேனல் இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் கேபிளுக்கு மட்டும் போடுங்கள், 500 வோல்ட்டை எந்த டிடெக்டரும் தாங்காது.

கடையில் வாங்கும்போது ஒரு அடி வெட்டித் தரச் சொல்லிப் பிரித்துப் பாருங்கள். கோர் இரண்டும் உண்மையிலேயே முறுக்கியிருக்க வேண்டும், பக்கம் பக்கமாகப் படுத்திருக்கக் கூடாது. டிரெயின் வயர் ஃபாயிலின் பளபளப்பான உலோகப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிளாஸ்டிக் பக்கத்தைத் தொட்டால் ஷீல்டு இருந்தும் இல்லாதது மாதிரிதான், எங்களுக்கு ஒரு கேபிள் சுருள் அப்படி வந்து திருப்பிக் கொடுத்தோம். ஃபாயில் சுற்று ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இடைவெளி தெரியக் கூடாது. செம்பின் அளவையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள், ஒற்றைக் கம்பியாக இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1.38 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும்.

ஹாஸ்டல் கிளையில் இன்னும் ஒரு பகுதி பழைய கேபிளிலேயே ஓடுகிறது. பொங்கலுக்கு மில் நிற்கும் மூன்று நாளில் அதையும் மாற்ற 400 மீட்டர் ஆர்டர் போட்டாயிற்று, அதே வகை, அந்த அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.